தலையை வெட்டும் கேமரா

அன்று காலை மோட்டார் போட வேணி மாடிப்படி இறங்கும்போது அவள் கணவர் பாலு ஒரு படம் எடுத்தார்.

"தலையை வெட்டிட்டேன்னு நினைக்கிறேன்."

"என்னைக்கு வெட்டாம இருந்தீங்க?" என்று சொல்லிக்கொண்டே கீழே போனாள். தொட்டி நிரம்பி அவள் திரும்பி வருவதற்குள், நாற்காலியில் சாய்ந்தபடியே அவர் போய்விட்டிருந்தார். கேமரா மடியிலேயே இருந்தது.

தென்னூர் வீட்டு அலமாரி முழுக்க டெல்ரா கம்பெனி கேமராக்கள்தான். முதலில் வந்த தகர டப்பா, பிறகு சம்பளக்காரர்களும் வாங்கட்டும் என்று விட்ட பிளாஸ்டிக் மாடல், ஃபிளாஷ் உள்ளேயே வைத்தது, தண்ணீருக்குள் போவது, கடைசியாக டிஜிட்டல். செல்போன் வந்ததும் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. பாலுவுக்குப் பிடித்தது அந்தப் பிளாஸ்டிக் மாடல். அதில் கண்ணுக்குத் தெரிவது ஒன்று, லென்ஸில் விழுவது ஒன்று. லேசாக மேலே தூக்கிப் பிடிக்காவிட்டால் தலை போய்விடும். நன்றாக விற்றதால் கம்பெனி அதைத் திருத்தவே இல்லை.

தையில் பாலுவின் தங்கை மகள் யமுனாவுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். மண்டபத்தில் தங்கை வள்ளிக்கண்ணு வேணியை ஓரமாக அழைத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணி. தாலி கட்டுறப்ப மட்டும் கொஞ்சம் பின்னால உட்காந்துக்குங்க. மாப்பிள்ளை வீட்டுல ஒரு மாதிரி பார்ப்பாங்க."

"பின்னால இருந்து எடுத்தா என்ன விழும்?"

"எதை எடுத்தா?"

வேணி பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் கேமராவை எடுத்தாள். "உங்கண்ணன் இந்த வீட்டுக் கல்யாணம் ஒன்னையும் விட்டதில்ல. அவர் போட்ட ரோல் இன்னும் முடியல."

"மூணு பேரு எடுக்கறாங்க அண்ணி. டிரோன் வேற."

"எடுக்கட்டும். நான் வேண்டாம்னா சொன்னேன்?"

கெட்டிமேளம் கொட்டியபோது அவள் மணவறைக்கு நேர் எதிரே நின்றாள். பின்னால் மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் தலைகள் திரும்பின. போட்டோகிராபர் ஜேக்கப் அவள் தோளைத் தொட்டான்.

"அக்கா, மறைக்குது. கொஞ்சம் நகருங்க."

"உங்ககிட்டதான் ஜூம் இருக்கே தம்பி. நீங்க நகருங்க."

குனிந்திருந்த யமுனா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். "அத்தை, மேல தூக்குங்க."

தூக்கித்தான் பிடித்தாள். பொத்தானை அழுத்தினாள்.

ரோலைக் கழுவச் சென்னைக்கு அனுப்பினாள். வந்த படங்களில் ஒன்றில் மாடிப்படி, கைப்பிடி மேல் அவள் கை, பச்சைப் புடவை. கழுத்துக்கு மேலே எதுவும் இல்லை. அதற்கு அடுத்ததில் மாலைகள், முடிச்சுப் போடும் விரல்கள், யமுனாவின் சிரிப்பு. மாப்பிள்ளையின் தலைப்பாகை மட்டும் பாதியோடு நின்றுவிட்டது.

அந்த மாடல் இன்னும் தலையை வெட்டுகிறது.