ஓடுது என்றால் முடிந்தது

மாப்பிள்ளையாக இருப்பதில் உள்ள பெரிய கஷ்டம், யாரும் ஒரு வேலை சொல்ல மாட்டார்கள் என்பதுதான். துடைப்பத்தைத் தொட்டால் பிடுங்கிக்கொள்வார்கள். ஸ்பேனரைத் தொட்டால், "ஐயையோ, நீங்க எதுக்கு மாப்பிள்ளை!" என்று ஓடி வருவார்கள். நாற்காலி போட்டு, மின்விசிறியைத் திருப்பிவிட்டு, கையில் டீயைக் கொடுத்து, உட்கார வைத்தே ஆளை ஒழித்துவிடுவார்கள். நம்முடைய மாப்பிள்ளை சில மாதங்களாக மாமனாரின் கடையில் அப்படித்தான் ஒழிந்துகொண்டிருந்தான்.

மாமனாருடையது வாஷிங் மெஷின், ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கடை. முன்னறையில் ஒரு மேசை, ஒரு போன், மாமனார். பின்னறையில் முதுகுத் தகட்டைக் கழற்றிப் போட்டபடி நிற்கும் மெஷின்கள். சோப்புக் கசடும் கருகிய ரப்பரும் கலந்த வாடை எப்போதும் அங்கே இருக்கும். மெக்கானிக்குகள் சிலர் உண்டு. அதில் ஒருவனுக்கு மோட்டார் என்று பெயர். மோட்டார் ரிப்பேர் செய்வதால் வந்த பெயர் அல்ல, வாய் ஓயாததால் வந்தது. "டேய், பெல்ட்டை மாத்தச் சொன்னா டிரம்மையே கழட்டி வெச்சிருக்கியே, அறிவிருக்கா உனக்கு?" என்று மாமனார் அவனை வாங்கு வாங்கென்று வாங்குவார். அடுத்த நிமிடம் இரண்டு பேரும் சேர்ந்து டீ குடிப்பார்கள். மாப்பிள்ளை தன் நாற்காலியிலிருந்து அதைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருப்பான். திட்டு வாங்கவும் கொடுத்துவைத்திருக்க வேண்டுமே.

அவன் சும்மா இருந்து பழகியவன் அல்ல. ஒரு பெரிய நிறுவனத்தில் தகவல்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்பும் நிரல்கள் எழுதிக்கொண்டிருந்தவன். நிறுவனம் ஒரு நாள் மின்னஞ்சலிலேயே கும்பிடு போட்டு அனுப்பிவிட்டது. மனைவிக்கு இந்த ஊரில் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை என்பதால், இருவரும் கடைக்கு மேலே மாமனார் வீட்டு மாடிக்குக் குடிவந்தார்கள். இப்போது தூரத்து ஊரிலிருந்து அவனுக்கு ஒரு வேலை வந்திருந்தது. இந்த வாரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

"அப்பா உங்களைக் கடையில சேர்த்துக்கிட்டா இங்கேயே இருப்போம். இல்லேன்னா நீங்க அங்க, நான் இங்க. எனக்கு அது வேண்டாம். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் மனைவி. அவனுக்கும் அது வேண்டாம். மாமனாரிடம் நேராகவே கேட்டும் பார்த்தான். "கடையே உங்களுதுதானே மாப்பிள்ளை! நீங்க உட்காருங்க" என்று அவர் நாற்காலியைத் தூசு தட்டிப் போட்டார். இப்படிப் பேசுகிற மனிதரிடம் எப்படித்தான் சண்டை போடுவது!

அதனால் அவனே ஒரு வேலையைக் கண்டுபிடித்தான். கடைக்கு வரும் புகார்கள் எல்லாம் போனில் ஒரு குழுவில் ஓடிக்கொண்டிருந்தன. "பல் டாக்டர் வீடு, மெஷின் ஒழுகுது" என்று மாமனார் போடுவார். யாராவது ஒரு மெக்கானிக் பதில் போடுவான். நடுவில் காலை வணக்கங்களோ யார் யார் வீட்டுக் குழந்தைகளின் படங்களோ வந்து விழும். புகார் மேலே போய்விடும், போனது போனதுதான். தகவல் தானாக ஓட ஒரு பைப்லைன் அமைத்து, குழுவில் விழும் ஒவ்வொரு செய்தியையும் ஒரு பதிவாக்கி, வேலைகளை நிர்வகிக்கும் செயலி ஒன்றுக்கு அனுப்பிவிட்டால் எதுவும் தொலையாது. செயலியில் புதியது, நடக்கிறது, முடிந்தது என்று மூன்று கட்டங்கள். எந்த வேலை எங்கே நிற்கிறது என்று பார்த்தாலே தெரியும். வாடிக்கையாளருக்கும் அதுவே செய்தி அனுப்பிவிடும்.

"பைப்லைனா? எங்க கசியுது மாப்பிள்ளை? பசங்களை விட்டுப் பார்க்கச் சொல்றேன், நீங்க உட்காருங்க" என்றார் மாமனார்.

உட்கார்ந்துதான் செய்தான். அந்தச் செயலிக்குள் நுழைய ஏபிஐ என்று ஒரு வாசல் உண்டு. சாவியைக் காட்டி, அது கேட்கிற வடிவத்தில் தகவலைக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளும். ஒரு புள்ளி பிசகினாலும் நானூறு, நானூற்று ஒன்று என்று ஏதோ ஒரு எண்ணை முகத்தில் விட்டெறிந்து கதவைச் சாத்திவிடும். சாவியின் வால் பக்கம் கண்ணுக்குத் தெரியாத ஒரு இடைவெளி ஒட்டிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்கவே அவனுக்கு ஒரு காலைப்பொழுது போயிற்று. பிறகு நாளும் மாதமும் இடம் மாறி, நேற்றைய புகார்கள் வரப்போகும் மாதங்களில் போய் உட்கார்ந்துகொண்டன. அதையும் திருத்தினான். "பச்சை கேட் வீடு" என்று மாமனார் போடுவதை முகவரியாக ஏற்க ஏபிஐ அடியோடு மறுத்தது. பச்சை கேட்டுக்கு ஒரு கதவு எண் தேடிக் கொடுத்தான்.

கடைசியில் ஒரு சின்ன விஷயம்தான் மிச்சம். எந்தச் செய்தி எந்தக் கட்டத்தில் விழ வேண்டும்? அவன் யோசிக்கவே இல்லை. 'வந்துட்டேன்' என்று மெக்கானிக் போட்டால் 'நடக்கிறது'. வாடிக்கையாளருக்கு, 'மெக்கானிக் உங்கள் வாசலில் நிற்கிறார்' என்று போகும். 'முடிச்சுட்டேன்', 'ஆச்சு' என்று வந்தால் 'முடிந்தது'. வாடிக்கையாளருக்கு, 'உங்கள் மெஷின் சரியாகிவிட்டது, நன்றி' என்று போகும். இறந்தகாலம் என்றால் நடந்து முடிந்த காலம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே தெரிந்த இலக்கணம்தானே!

மறுநாள் காலை பைப்லைனைத் திறந்துவிட்டான். செய்திகள் வரிசையாக வந்தன. "இதோ வந்துட்டேன்." "முடிச்சுட்டேன்னு வெச்சுக்கோங்க." "அது ஆச்சு முதலாளி, ஆன மாதிரிதான்." ஏபிஐ ஒன்றைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. முதல் டீ வருவதற்குள் அன்றைய புகார்கள் முக்கால்வாசி 'முடிந்தது' கட்டத்தில் அடுக்கி வைத்தாற்போல் நின்றன. மாமனாருக்கு வாயெல்லாம் பல்.

"இவ்வளவு வேலையா நடக்குது நம்ம கடையில! எனக்கே தெரியாம போச்சே மாப்பிள்ளை!"

அப்போது போன் அடித்தது. பல் டாக்டர்.

"உங்க ஆள் வாசல்ல நிக்கறார்னு செய்தி வந்துச்சு. கதவைத் திறந்து வெச்சுக்கிட்டு நான்தான் நிக்கறேன். அவரைக் காணோமே?"

அவரைச் சமாதானப்படுத்தி வைத்ததும் இன்னொன்று. இது ஒரு டீச்சர். "என் மெஷின் சரியாயிடுச்சுன்னு அனுப்பியிருக்கீங்க, ரொம்ப சந்தோஷம். இதை மெஷின்கிட்ட யாராவது சொன்னீங்களா?"

அதற்குப் பிறகு மாமனார் போனைக் கீழே வைக்கவே இல்லை. ஒவ்வொருவரிடமும் கெஞ்சினார், குழைந்தார், சத்தியம் செய்தார். மாப்பிள்ளை கையைப் பிசைந்துகொண்டு அவர் எதிரே நின்றான். இன்றைக்கு நமக்கு நன்றாகக் கிடைக்கும் என்று நினைத்தான். கிடைத்தால் தேவலை என்றும் இருந்தது.

மாமனார் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அவனைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்லை மாப்பிள்ளை. கம்ப்யூட்டர்னா அப்படித்தான். நீங்க டீ சாப்பிடுங்க. சாயங்காலமா அதை எடுத்துடலாம், என்ன?"

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. இதற்குப் பதில் அவர் ஒரு ஸ்பேனரை எடுத்து வீசியிருக்கலாம். தூரத்து ஊரின் வாடகை வீடும், அதில் தனியாக ஒரு தட்டும் ஒரு டம்ளரும் கண்முன் வந்து நின்றன.

கணினியைத் திறந்து ஒவ்வொரு பதிவாகத் தோண்டினான். எங்கும் தவறில்லை. போனது போனபடியே போய்ச் சேர்ந்திருந்தது. தவறே இல்லாத இடத்தில் எதைத் திருத்துவது? மதியம், அன்று விடுப்பிலிருந்த மனைவி மாடியிலிருந்து போனில் கூப்பிட்டாள்.

"சாப்பிட வரீங்களா இல்லையா?"

"இதோ வந்துட்டேன்" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வந்துட்டீங்களா? எங்க? என் கண்ணுக்குத் தெரியலையே!"

அவன் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது. நாற்காலியிலிருந்து ஒரு அங்குலம் எழுந்திருக்கவில்லை, ஆனால் வந்துவிட்டான். அவன் மட்டுமா? கடை முழுக்க, குழு முழுக்க எல்லோரும் இப்படித்தான் உட்கார்ந்த இடத்திலிருந்தே வந்துகொண்டும் முடித்துக்கொண்டும் இருந்தார்கள். அவசரப்படுத்துகிறவரை அமர்த்துவதற்காகச் சொல்கிற இறந்தகாலம் அது! அட மண்டூகமே என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டான்.

அப்படியானால் உண்மையிலேயே முடிந்த வேலைக்கு இவர்கள் என்னதான் சொல்கிறார்கள்? சாப்பாட்டை மறந்து, குழுவின் பழைய செய்திகளை மேலே மேலே தள்ளிப் படித்தான். சிரிப்பு வந்தது. வேலை முடிந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரே சொல்தான் இருந்தது. "ஓடுது." அவ்வளவுதான். 'ஆச்சு' என்றால் ஆகவில்லை. 'ஓடுது' என்றால்தான் ஆச்சு. விதியைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டான். 'வந்துட்டேன்', 'கிளம்பிட்டேன்' என்று வந்தால் வாடிக்கையாளருக்கு என்ன அனுப்புவது? காலையில் பட்ட சூட்டில், உள்ளது உள்ளபடி போகட்டும் என்று எழுதிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் பல் டாக்டர் மறுபடி கூப்பிட்டார். மாமனார் பயந்துகொண்டே எடுத்தார். கேட்கக் கேட்க அவர் முகம் சிவந்தது. போனை வைத்தார்.

"'உங்கள் மெக்கானிக் இன்னும் கிளம்பவில்லை'ன்னு செய்தி போயிருக்காம். உங்க கடையிலேர்ந்து வந்த முதல் உண்மை இதுதான், ரொம்ப நன்றிங்கறார். என்ன மாப்பிள்ளை இது?"

"மோட்டார் 'கிளம்பிட்டேன்'னு போட்டான் மாமா. அப்படின்னா இன்னும் கிளம்பலைன்னுதானே அர்த்தம்?"

"அதுக்காக? கடைப் பேரைப் போட்டு அப்படியா அனுப்பறது? வந்துட்டேன்னா வந்துட்டே இருக்கேன்னு அர்த்தம். ஊர் உலகத்துக்கே தெரியும்!"

"மனுஷங்களுக்குத் தெரியும் மாமா. இதுக்குத் தெரியாது. வராம வந்துட்டேன்னு சொன்னா இதைப் பொறுத்தவரைக்கும் அது பொய்."

"பொய்யா? யாருடா பொய் சொல்றது, நானா? அறிவிருக்கா உனக்கு?"

 பின்னறையில் யாரோ திருகிக்கொண்டிருந்த திருப்புளி நின்றது. மாமனாருக்குத் தான் சொன்னது அப்போதுதான் தன் காதிலேயே விழுந்தது போலும். முகம் வெளிறிவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க மாப்பிள்ளை... ஏதோ கோவத்துல... வாய் தவறி..."

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு சந்தோஷம். "பரவாயில்லை மாமா, மேல சொல்லுங்க. எனக்கு அறிவில்லை. அப்புறம்?"

மாமனார் அவனை ஏற இறங்கப் பார்த்தார். கேலி செய்கிறானோ என்று பார்த்தார். இல்லை. பையன் நிஜமாகவே காத்துக்கொண்டு நின்றான்.

"அப்புறம் என்ன அப்புறம்! 'வந்துகொண்டிருக்கிறார்'னு போடத் தெரியாதா? அவ்வளவு படிச்சிருக்கே, இது தெரியலை!"

"போடலாம் மாமா. ஆனா அவன் அங்க டீ குடிச்சுக்கிட்டிருக்கானே!"

எல்லோரும் திரும்பினார்கள். பின்னறை வாசலில், இந்தக் காட்சியைத் தவறவிட மனமில்லாமல், கையில் டீ கிளாஸோடு மோட்டார் நின்றுகொண்டிருந்தான்.

"கிளம்பிட்டேன் முதலாளி! கிளாஸை வெச்சுட்டுக் கிளம்பிட்டேன்!"

"டேய்!" என்றார் மாமனார். மோட்டார் பையைத் தூக்கிக்கொண்டு எடுத்தான் ஓட்டம். தெருவில் அவன் வண்டி சீறுகிற சத்தம் கேட்டது. மாமனார் மேசையைத் தட்டினார்.

"இப்பப் போடு!"

போட்டான். ஏபிஐ முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது.

அதற்குப் பிறகு இருவரும் மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக எடுத்துச் சண்டை போட்டார்கள். 'பார்க்கிறேன்' என்றால் பார்க்க மாட்டேன் என்று மாமனார். 'பார்த்துக்கறேன்' என்றால் நாளைக்கு என்று மாப்பிள்ளை. மாமனார் ஒரே மூச்சில் அவனை முட்டாள் என்றார், கெட்டிக்காரன் என்றார். நடுவில் மனைவி கீழே வந்து எட்டிப் பார்த்து, அப்பா போட்ட சத்தத்தைக் கேட்டு வாயைப் பிளந்து நின்றாள். பிறகு சாப்பாட்டைத் தட்டோடு கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் சாயும்போது பல் டாக்டர் வீட்டிலிருந்து மோட்டாரின் செய்தி வந்தது. "ஓடுது." திரையில் அந்த வேலை மெல்ல நகர்ந்து 'முடிந்தது' கட்டத்தில் போய் நின்றது. 

"அந்தத் தூரத்து வேலைக்கு எப்பப் பதில் சொல்லணும்?" என்று கேட்டார் மாமனார், திரையைப் பார்த்தபடியே.

அவருக்குத் தெரியும் என்பதே அவனுக்குத் தெரியாது. "நாளைக்குள்ள மாமா."

"என்ன சொல்லப் போறே?"

"நீங்க சொல்றதைப் பொறுத்து."

"நான் என்னத்தைச் சொல்றது! மோட்டார் வர இன்னும் நேரமாகும். பின்னாடி அந்தப் பெரிய மெஷினைத் திருப்பி வைக்கணும், எனக்கு இடுப்புல வலி. வந்து ஒரு பக்கம் பிடி."

மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பின்னறைக்குப் போனான். மெஷின் கனமென்றால் கனம். அசைக்கும் முன்பே மூச்சு வாங்கியது.

"முதுகை வளைக்காதே! முட்டியை மடக்கு! இதுகூடவா சொல்லித் தரணும்?" என்று மாமனார் கத்தினார். "சிரிக்கிறதைப் பாரு! கெட்டியாப் பிடிடா!"

கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.