நான்கு நிமிடத்தில் பதினொரு கணினிகள்

அது நடந்தது சண்டை முடிந்து மூன்றாம் வாரமா, நான்காம் வாரமா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நினைவு அந்த இடத்தில் பிசகுகிறது. அன்றைக்குப் பிறகு வதனி அடிக்கடி கை கழுவத் தொடங்கினாள் என்பது மட்டும் சரி.

மட்டக்களப்பில், காணாமற்போனோரைத் தேடும் தொண்டு நிறுவனமொன்றில் அவள் கணினிப் பொறுப்பாளர். மண்டூர் முதல் தன்னாமுனை வரை பதினொரு பதிவு நிலையங்கள். ஒவ்வொன்றிலும் பயன்பாட்டில் ஒரு கணினி. நகரில் இருந்தபடியே எல்லாவற்றின் அமைப்பையும் மாற்ற ஒரு நிரல் எழுதியிருந்தாள். ஒவ்வொரு கட்டளைக்கும் அது தொலைபேசிக் கம்பி வழியே புதிதாக இணைப்பு எடுக்கும். தனக்குத் தெரிந்த கணினிதானா என்று அடையாளம் பார்க்கும். வேறு கணினி என்றால் நின்றுவிடும். அவள் அந்த நிலையத்துக்குப் போன் எடுத்து விசாரித்து அனுமதித்தால்தான் நகரும். எல்லாம் முடிய நாற்பது நிமிடம்.

பொறுப்பதிகாரி வினாயகமூர்த்திக்கு அது பொறுக்கவில்லை. கொழும்பிலிருந்து பார்வையிட வருகிறவர்களுக்கு வேகத்தைக் காட்ட வேண்டுமாம். ஒருமுறை திறந்த இணைப்பை மூடாமல் அதிலேயே எல்லாக் கட்டளைகளும் போகும்படி வதனி மாற்றினாள். பன்னிரண்டு நிமிடமானது. அதுவும் போதவில்லை.

“எல்லாம் நம்மட கொம்பியூட்டர்தானே புள்ள. ‘நீ ஆர்’ எண்டு அதுகளிட்ட என்னத்துக்குக் கேக்கிறாய்? அத நிப்பாட்டு.”

நிப்பாட்டினாள். நான்கு நிமிடம்.

விருந்தினர் வந்த காலை, நகருக்குப் பிரதி எடுத்து முடிந்த பதிவுகளை நிலையங்களில் அழித்துப் புதிய படிவத்தை ஏற்றுவதுதான் வேலை. அதே காலை அன்னப்பூரணி கல்லாற்றிலிருந்து வாவியைக் கடந்து மண்டூர் நிலையத்துக்கு வந்திருந்தாள். சுனாமியில் போன மகள் கம்சாயினியின் படம் அங்கே, மேசைக்கடியில் கிடந்த பழைய கணினியில் மட்டுமே இருந்தது. அதற்குப் பிரதி எடுக்க யாருக்கும் நேரம் வரவில்லை. அமாவாசைதோறும் வந்து பார்ப்பாள். நிலையத்தில் ஒரு திரை, ஒரு தொகுதி வயர்கள்தான். எழுதுவினைஞன் நிலோஜன் வழக்கம்போல எல்லா வயர்களையும் புதிய கணினியிலிருந்து கழற்றிப் பழையதில் கொழுவினான். முன்பு அதே மேசையில் இருந்த கணினி. இணைப்பு எண்ணும் அதேதான்.

நிரல் எதுவும் கேட்கவில்லை; பழையதில் இருந்ததை அழித்தது. கம்சாயினி திரையிலிருந்து போனாள். அவள் இருந்த இடத்தில் வெற்றுப் படிவமொன்று வந்து நின்றது.

நிலோஜனின் அழைப்பை எடுத்துவிட்டு வதனி கூட்ட அறைக்குள் போனபோது அங்கே கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வினாயகமூர்த்தியை ஒதுக்கி அழைத்துச் சொன்னாள். அவர் விருந்தினருக்கு வைத்த பற்றிஸைக் கடித்து, உதட்டு எண்ணெயைப் புறங்கையால் துடைத்தார்.

“அஞ்சு வருசத்துப் பழம் பேருகள். இனி ஆர் வந்து கேக்கப்போறாங்க?”

அந்த உதட்டைப் பார்க்க முடியவில்லை. ஆனால் நிரலின் ‘நீ ஆர்’ என்ற கேள்வியை நிப்பாட்டியது இந்த விரல்கள்தானே. குழாயடியில் நெடுநேரம் கை கழுவினாள். அருவருப்புப் போகவில்லை.

மறுநாள் கல்லாற்றுக்குப் போய், நடந்ததையும் தான் செய்ததையும் ஒளிக்காமல் சொன்னாள். அன்னப்பூரணி கேட்டாள்:

“எனக்கு அவசரமில்லையே மகள். ஆருக்கு அவசரம்?”

வதனி மண்டூருக்குப் போய், அந்தப் பழைய கணினியை நகருக்கு எடுத்து வந்தாள்.

அழிந்ததை மீட்க முடியவில்லை. வினாயகமூர்த்தி பதவி உயர்ந்து கொழும்புக்குப் போனார். நிலோஜன் கட்டாரில் இருக்கிறான். வதனி அடையாளம் பார்ப்பதை மீண்டும் நிரலில் சேர்த்துவிட்டு, அந்த மாதமே வேலையை விட்டாள்; இப்போது ஏறாவூரில் தட்டச்சுக் கடை வைத்திருக்கிறாள். அன்னப்பூரணி அதன்பிறகு மண்டூருக்கு வரவேயில்லை. மூன்றாம் வருடம் இறந்துபோனாள்.