கசிந்த டிரம்மும் சாத்திய கேட்டும்

1.

இந்தக் கதை என் மாமனாருடையது. ரசாயனக் கிடங்கு ஒன்றில் ஸ்டோர்கீப்பராக இருந்து ஓய்வுபெற்றவர். மகனிடம் வாய்திறக்காத விஷயத்தை, நான் துணி மடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் என்னிடம் சொன்னார். எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுது. என்னை நல்லவனாக்கிடாதே" என்றார். அங்கேதான் பிடித்தது வம்பு.

முதல் தொடக்கம்: "காஸ்டிக் சோடா கரைசல் பார்ப்பதற்குத் தண்ணீரைப் போலவே—" வேண்டாம், பாடப்புத்தக வாடை.

அடுத்தது: "மழை கொட்டிய அந்தக் காலையில்—" மழையே இல்லையாம். மண்டையைப் பிளக்கும் வெயில்.

2.

சரி, வெயில். லாரி நிறைய காஸ்டிக் கரைசல் டிரம்கள்; தோலையும் கண்ணையும் அரித்துவிடும் சரக்கு. ஒன்றைச் சரியாகக் கட்டாததால் சாய்ந்து, மூடியோரம் கசிந்தது. மாமனார் இறக்க விடவில்லை.

[கசியும் டிரம்மை வாங்கக் கூடாது என்பது விதி. கசியும் டிரம்மை ரோட்டில் அனுப்பக் கூடாது என்பதும் விதி. ஒதுக்கி நிறுத்தி, கையுறையும் கண்ணாடியும் போட்டவர்கள் அதைப் பெரிய டிரம்முக்குள் வைத்து மூட வேண்டும். இரண்டும் அவருக்கு அத்துப்படி.]

முந்தின நாள்தான், முற்றத்தில் எதுவோ சிந்தியதற்கு மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். இன்னொரு தலைவலி வேண்டாமென்று கேட்டைச் சாத்தினார். டிரைவர் கெஞ்சவில்லை, ஓரமாக நிறுத்திக்கொள்ள இடம் மட்டும் கேட்டார்.

"ஏத்தின இடத்துக்கே கொண்டு போ தம்பி" என்றார் மாமனார்.

வழியில் கசிவு கூடியது. டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, வெறுங்கையால் மூடியை முறுக்கினார்.* நெற்றி வியர்வை கண்ணில் இறங்க, அதே கையால் துடைத்துக்கொண்டார். கழுவ, பாட்டிலில் மிச்சமிருந்த குடிதண்ணீர்தான். கிடங்குக்குள்ளோ கண் கழுவுவதற்கென்றே ஒரு குழாய் இருந்தது. மாமனாரே அடிக்கடி திறந்து சோதித்துப் பார்க்கும் குழாய்.

வலது கண் போய்விட்டது.

* கையில் பட்டதும் காஸ்டிக் பெரிதாக எரிவதில்லை, சோப்புத் தண்ணீர்போல் வழவழக்கும் என்கிறார். அதனால்தான் ஏமாந்துபோகிறார்களாம்.

3.

மூன்றாம் வரைவில் நான் கேட்டைத் திறந்துவிட்டேன். மாமனார் லாரியை ஓரமாக நிறுத்தச் சொல்கிறார், ஆட்கள் டிரம்மை மூடுகிறார்கள், டிரைவர் கைகழுவிவிட்டு இரண்டு கண்ணோடும் வீடு போகிறார். வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கும்மா. அடிச்சுடு."

"ஏன் மாமா?"

"நான் திறக்கலையே."

அடித்துவிட்டேன்.

4.

பிறகொரு நாள் அவர் டிரைவரின் வீடு தேடிப் போனார். டிரைவரின் மனைவி நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மன்னிப்புக் கேட்க நினைத்து வைத்திருந்ததை மாமனார் தொடங்குவதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார்:

"உங்க இடத்துல நான் இருந்தாலும் கேட்டைச் சாத்தியிருப்பேன் சார்."

மாமனார் மன்னிப்புக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டார்.

ஆறுதலாகச் சொன்னாரா? இல்லை, உங்கள் மன்னிப்பு எனக்கு வேண்டாம் என்றாரா? மாமனார் அந்த வாக்கியத்தை எனக்கு இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டினார். அன்று தலையைக் குனிந்தே உட்கார்ந்திருந்ததால் டிரைவரின் முகத்தைப் பார்க்கவில்லையாம்.

நான் டிரைவரைப் பார்த்ததே இல்லை. என்னால் முடிவுசெய்ய முடியவில்லை. நீங்கள் அந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்தக் குரலில் வருகிறதோ அதுவே முடிவு.

மாமனாரிடம் மட்டும் சொல்லிவிட வேண்டாம்.