பச்சைக்கும் ஊதாவுக்கும் நடுவே ஒன்பது நாள்

போனில் நான்கு மெசேஜ் செயலிகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். பட்டன் வியாபாரத்தில் வாங்குகிறவர் எந்தச் செயலியில் இருக்கிறாரோ, அங்கே நாமும் போய் உட்கார வேண்டும். அவர் நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். எங்கள் வணிகர் சங்கத்துச் செயலாளர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். “எந்த கம்பெனி போன்ல இருந்தும் எந்த கம்பெனி போனுக்கும் பேசுறோம்ல? மெசேஜுக்கு மட்டும் எதுக்குய்யா வேலி?” என்று அவர் மனுவோடு கடை கடையாக ஏறியபோது முதல் கையெழுத்து என்னுடையது. கடையில் கூட்டாளியான என் மச்சானையும் அதட்டிப் போட வைத்தேன்.

ஒன்றரை வருடம் இழுத்தடித்து ஒருவழியாக வேலியைத் திறந்துவிட்டார்கள்; எந்தச் செயலியிலிருந்தும் எந்தச் செயலிக்கும் எழுதலாம். அன்றைக்கே மூன்று செயலிகளைத் தலைமுழுகிவிட்டுப் பச்சை நிறத்தது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை தையற்கூடத்து அக்காவிடமிருந்து செய்தி வந்தது. அவர் ஊதாச் செயலிக்காரர். “ஆயிரத்து இருநூறு சட்டை. ஆறு கலர் பட்டன். ஆறு நாள்.”

எங்கள் சரக்கில் பாதி அவருக்குத்தான் போகிறது. அவர் கை நழுவிப் போனால் பின்கட்டில் பட்டனுக்குச் சாயமேற்றும் இரண்டு தொட்டிகளில் ஒன்றைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். சொன்ன நாளில் தராவிட்டாலும் அதே கதிதான். ஆறு நிறத்தையும் துணியோடு ஒப்பிட்டு, தோய்த்து, கழுவி, உலர்த்திக் கொடுக்க உண்மையில் பத்து நாள் ஆகும். உண்மையை யார் கேட்டார்கள்? “பதினைந்து” என்று எழுதினேன்.

எங்கள் வியாபாரத்தில் எதிராளி சொன்ன எண்ணை யாரும் மறுப்பதில்லை. செய்தியைத் திறந்து படித்துவிட்டுச் சும்மா இருப்போம். படித்தாயிற்று என்று இரண்டு நீல டிக் அந்தப் பக்கம் தெரியும். பார்த்தேன், பிடிக்கவில்லை, இறங்கி வா என்று அதற்கு அர்த்தம். பொறுக்க மாட்டாமல் போன் போட்டுப் பேசுகிறவன் தோற்றவன். கடைசியாக யார் விட்டுக்கொடுத்தாரோ, அவர் எழுதிய எண் நிற்கும். எழுதியதை யாரும் திரும்ப வாங்குவதில்லை.

என் பதினைந்துக்குக் கீழே நீல டிக் வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒற்றை டிக் நின்றது.

“படிச்சாங்களா இல்லையா?” என்றான் மச்சான்.

“தெரியலை.”

“படிக்காம இருந்தா கோபம். படிச்சுட்டு இருந்தா பேரம். இது என்ன?”

“அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

“அடுத்த தெரு பட்டன்காரனும் ஊதாதான் மச்சான். அவங்களுக்குள்ள எல்லா டிக்கும் ஒழுங்கா விழும்.”

பதினொரு மணிக்கு “பதிமூன்று” என்று எழுதினேன். ஒற்றை டிக். பன்னிரண்டுக்கு “பதினொன்று”. அதற்கும் ஒற்றை டிக். அக்கா இவ்வளவு அழுத்தக்காரி என்று எனக்குத் தெரியாது. ஒரு மணிக்கு, மச்சான் சாப்பிடப் போன நேரம் பார்த்து, “ஒன்பது” என்று எழுதிவிட்டேன்.

இரண்டு பத்துக்குப் போன் மூன்று முறை அடுத்தடுத்துத் துடித்தது. “எட்டு.” “பத்து.” “பன்னிரண்டு.” மூன்றும் அக்காவிடமிருந்து.

“பன்னிரண்டா?” என்று மச்சான் நாற்காலியை விட்டு எழுந்தான். “அவங்க ஏறி வந்திருக்காங்க. நீ எதுக்கு இறங்கினே?”

நான் பதில் சொல்வதற்குள் நான்காவது வந்தது. “ஒன்பது நாள் சரி. கஸ்டமருக்குச் சொல்லிவிட்டேன்.”

நான் சும்மா இருப்பேனா? “பன்னிரண்டு நாள் சரி” என்று எழுதி அனுப்பிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

போகும் வழியில் மூக்குக்கண்ணாடிக் கடைக்குள் தலையை நீட்டி நடந்ததைச் சொன்னேன். செயலாளர் ஒரு மூக்குக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார்.

“எழுத்து தாண்டுது, டிக் இன்னும் தாண்டலை. பச்சைக்கும் ஊதாவுக்கும் நடுவுல சில சமயம் எழுத்தும் மணிக்கணக்குல படுத்துக்கும். மூணு நாள்தானே ஆச்சு?” என்றார்.

“இதுக்கா நான் முதல் கையெழுத்துப் போட்டேன்?”

“முன்னாடி எழுத்தே தாண்டலையே. அப்போ ஊதாக்காரங்களுக்கு ஊதாவுல போய்தானே உக்காந்தீங்க? கொஞ்சம் பொறுங்க.”

அவர் சொல்வது நியாயம்தான். என் தொட்டிக்கு அது விளங்க வேண்டுமே.

தையற்கூடத்தில் பதினெட்டு எந்திரம் ஒரே மூச்சில் ஓடிக்கொண்டிருந்தது. வெட்டுமேசை ஓரத்தில் அக்கா நின்றிருந்தார்.

“வாங்க பட்டன்காரரே. ஒன்பதுன்னு நீங்கதானே எழுதினீங்க?”

“பன்னிரண்டுன்னு நீங்கதானே எழுதினீங்க அக்கா?”

“நீங்க வாயே திறக்கலை. நான் ஏறினேன்.”

“நீங்க வாயே திறக்கலை. நான் இறங்கினேன்.”

“கடைசியா எழுதினது யாரு? அதைப் பாருங்க.”

இரண்டு போனையும் துணிமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். என் போனில் ஒன்பதுக்குக் கீழே பன்னிரண்டு. அவர் போனில் பன்னிரண்டுக்குக் கீழே ஒன்பது. இரண்டிலும் வந்து சேர்ந்த மணி இரண்டு பத்து. என் போன்படி கடைசியில் விட்டுக்கொடுத்தவர் அவர், ஆகவே பன்னிரண்டு. அவர் போன்படி நான், ஆகவே ஒன்பது. இரண்டு போனையும் இடம் மாற்றி வைத்துப் பார்த்தேன். எதற்கு அப்படிச் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கத்தரிக்கோலோடு நின்றிருந்த வெட்டு மாஸ்டர் எட்டிப் பார்த்து அக்காவிடம் சொன்னார். “அவரு கேட்டதுக்கு மேல நீங்க குடுத்திருக்கீங்க. நீங்க கேட்டதுக்குக் கீழ அவரு வந்திருக்காரு. அப்புறம் என்னத்துக்குச் சண்டை?”

“நீங்க துணியை வெட்டுங்க மாஸ்டர்,” என்றார் அக்கா.

ஆனால் அவருக்கும் பிடி கிடைக்கவில்லை. நான் ஏறச் சொல்லி, அவர் இறங்கச் சொல்லிப் பேசிப் பழக்கம். இருவரும் ஒருவரை ஒருவர் தாண்டிப் போய் நின்றுவிட்டால் எங்கிருந்து பேச்சைத் தொடங்குவது?

“சரி, விடுங்க,” என்றார் அக்கா. “உண்மையில எத்தனை நாள் ஆகும்?”

இத்தனை வருடத்தில் வாங்குகிறவர் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. அதற்கென்று பொய் எதுவும் கைவசம் இல்லை.

“பத்து.”

“பத்தா?”

“பத்து அக்கா.”

“எனக்குப் பதினொண்ணு வரைக்கும் தாங்கும்,” என்றார். சொன்ன மறுகணமே, மேல்சட்டை இல்லாமல் வாசலுக்கு வந்துவிட்டவர் போல முகம் மாறியது. அவசரமாகப் போனை எடுத்து யாருக்கோ எழுதத் தொடங்கினார். ஆறு துணித் துண்டுகளை என் கையில் திணித்தார். “கஸ்டமர்கிட்ட நான் பேசிக்கிறேன். பத்துன்னா பத்து.”

கடைக்கு நடந்தேன். கால் நடந்தது, மனம் வழியிலேயே நின்றது. ஜெயித்தேனா, தோற்றேனா?

மச்சான் வாசலிலேயே மறித்தான். “என்ன ஆச்சு?”

“பத்து நாள். ஆர்டர் நமக்குத்தான்.”

“எப்படிப் பேசினே?”

“பேசலை. எத்தனை நாள் ஆகும்னு கேட்டாங்க. சொன்னேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தான். “அதையா சொன்னே?”

“பதினொண்ணு வரைக்கும் தாங்கும்னு அவங்களும் சொல்லிட்டாங்க.”

“அப்படின்னா பதினாலு தாங்கும். எதையோ மறைக்கிறாங்க.”

“அப்படித்தான் நானும் நினைச்சேன்,” என்றேன். “ஆனா அவங்க முகத்தைப் பார்த்தா, பாவம், என்னை மாதிரியே இருந்துச்சு.”

அவன் நம்பவில்லை. துணித் துண்டுகளை வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொன்றாகப் புரட்டினான், அவற்றின் பின்பக்கத்தில் உண்மையான தேதி எழுதியிருக்குமோ என்பது போல.