செல்லமுத்து எழுதுன முறை

வேப்பந்தட்டைக்கு மேற்கால இருக்கற அந்தக் கூட்டுக் கெணத்துல செல்லமுத்து போக இன்னும் பதினோரு வூட்டுக்குப் பங்கு. இருந்தென்ன, இருபத்திரெண்டு வருசம் அங்க அவன் வச்சதுதான் சட்டம். மோட்டார் கொட்டகை வாசல்ல செவப்பு பிளாஸ்டிக் நாற்காலியப் போட்டு உக்காந்துக்குவான். யாருக்கு எந்த மணிக்குத் தண்ணின்னு வெள்ளைச் செவுத்துல கரியால எழுதுவான். கெணத்து மேட்டுல எவனும் செருப்போட ஏறக் கூடாது.

பங்குக்காரி செங்கமலம் ஒரு தடவ செருப்போட ஏறிட்டா. புருசன் நெஞ்சப் புடிச்சிக்கிட்டுக் கெடக்கறான்னு வெங்காயக் காட்டுலேருந்து குறுக்கு வழியா ஓடுனா, அப்ப. புருசன் பொழைக்கல. காரியம் முடிஞ்சு வந்து பாத்தா செவுத்துல அவ பேருக்குக் குறுக்க கோடு போட்டு, பதினஞ்சு நாளைக்குத் தண்ணி கெடையாதுன்னு எழுதியிருந்தான். அந்த வருசம் அவ வெங்காயம் பூராவும் சருகாப் போச்சு. மனுசனா அவன்?

அந்த ஆத்திரத்துலதான் போன மாசியில கொட்டகைப் பூட்ட மொத ஆளாக் கடப்பாறையால நெம்புனா. பின்னாடியே பத்து வூடும் வந்துச்சு. செல்லமுத்து மக வூட்டுக்கு பஸ் ஏறுனவன், ஆடிக்குள்ள கண்ண மூடிட்டான். இவங்க செவுத்துக்குப் புதுசா வெள்ளையடிச்சாங்க. நாற்காலிய உள்ளார மூலையில தூக்கிப் போட்டாங்க.

அதுக்கப்பறம் நடந்த கூத்த ஏன் கேக்கறீங்க. கரண்டு வந்தா நாலு பேரு ஸ்டார்ட்டர் மேல கை வப்பாங்க. மோட்டாரு ரெண்டு தடவ கருகிச்சு. இன்னொரு பங்குக்காரி மருதாயியோட மகனுக்கு மம்புட்டியால மண்டை உடைஞ்சு எட்டுத் தையல். "செல்லமுத்து இருந்தப்ப இப்படியா இருந்துச்சு"ன்னு டீக்கடையில பேச ஆரம்பிச்சுட்டாங்க. அந்தப் பேச்சக் கேட்டா செங்கமலம் அங்கேருந்து எந்திரிச்சுப் போயிருவா.

தை பொறந்து ஒரு நா, உச்சி வெயில்ல செங்கமலம் வந்து பாத்தா நாற்காலி கொட்டகை வாசல்ல கெடக்குது. செவுத்துல கரி எழுத்து. செல்லமுத்தோட அதே சாய்ஞ்ச கையெழுத்து. யாரு எழுதுனதுன்னு ஒருத்தரும் கேக்கல. எழுதுனபடி தண்ணி வுட்டாங்க, சண்ட நின்னு போச்சு. காலி நாற்காலியத் தாண்டறப்ப ஆம்பளைங்க தலைத்துண்ட எடுத்துக் கக்கத்துல வச்சுக்கிட்டாங்க. பொய் சொல்லக் கூடாது, அவ வெங்காயமும் நல்லாத் தழைச்சுச்சு. அதனால அவளும் வாயத் தொறக்கல.

இந்த மாசியில ஒரு மத்தியானம் பூவரசன் வந்தான். பக்கத்துக் காட்டுக்காரன், அன்னிக்கு அவகூடக் கடப்பாறை புடிச்சவன்.

"அக்கா, உங்க பேர அடிச்சிருக்குது. பதினஞ்சு நாளைக்கு."

"யாரு அடிச்சா?"

அவன் கெணத்துப் பக்கம் பாத்தான்.

இன்னும் ரெண்டு தண்ணி வுட்டாப் போதும், வெங்காயம் வூடு வந்து சேரும். அவ விடுவிடுன்னு நடந்தா. மேட்டுல பத்து வூட்டு ஆளும் வரிசையா நின்னாங்க. காத்து அசையல. ஒரு காக்காகூடக் கத்தல. வாசல்ல இருந்த நாற்காலி, இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போன மாதிரி லேசா ஆடி நின்னுச்சு. பயமாத்தான் இருந்துச்சு. இருந்தாலும் வாய்க்காத் தண்ணியில முந்தானைய நனைச்சு செவுத்தத் தொடைக்க ஆரம்பிச்சா.

"அழிக்காதீங்கக்கா," பூவரசன் கையெடுத்துக் கும்புட்டான். "நாளைக்கு எம் முறை. உங்களுக்குப் பதினஞ்சு நாள்தான, பொறுத்துக்குங்க. பழையபடி மண்டை உடையணுமா?"

"உடைஞ்சா உடையட்டும். எம் வெங்காயம் காய்ஞ்சாலும் காயட்டும். யாருக்கு எப்பத் தண்ணின்னு நாமளே உக்காந்து பேசுவோம். பத்து நாளு சண்ட போட்டாலும் பேசுவோம். ஆளில்லாத நாற்காலிக்கு என்னால கும்புடு போட முடியாதுடா."

நாற்காலியத் தூக்கிக் கெணத்துக்குள்ள எறிஞ்சா. அது முங்கல. வாசல்ல இருந்த மாதிரியே நிமுந்து மெதந்துச்சு.

மேட்டுல ஒருத்தரும் நகரல. அத்தன பேரும் வெறுங்கால்ல நின்னாங்க. அவளுக்கு எரிச்சல் தலைக்கேறிச்சு.

"மொதல்ல போயி செருப்ப மாட்டிக்கிட்டு வாங்க. அப்பறம் பேசுவோம்."

பூவரசன் அவ காலயே பாத்தான். அப்பத்தான் அவளும் குனிஞ்சா. பாதம் ரெண்டும் வெயில்ல சுட்டுக்கிட்டு இருந்துச்சு. மேட்டுக்குக் கீழ வரிசையா கெடந்த செருப்புங்களோட அவ செருப்பும் கடைசியா, ஒழுங்கா ஒண்ணோட ஒண்ணு சேத்து வச்சபடி கெடந்துச்சு. எப்பக் கழட்டுனோம்னு அவளுக்கு நெனப்பே இல்ல.