ஜூலை மாதத்துப் பனி

இராஜேந்திரன் அண்ணை பிலடெல்பியாவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகும்போது வெறும் இராஜேந்திரனாகப் போனார். திரும்பி வரும்போது தேசபிதாவாக வந்தார். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்த மண்டபத்தையும், அதற்குப் பக்கத்தில் இருக்கும், வெடிப்பு விழுந்த சுதந்திர மணியையும் பார்த்திருக்கிறார். வெடித்த மணியை யாரும் அடிப்பதில்லை. அடிக்காத மணியைப் பார்க்க இத்தனை சனம் வரிசையில் நிற்கிறதென்றால் அது எப்படிப்பட்ட நாடு என்று லண்டன் வெம்பிளி முழுக்கச் சொல்லித் திரிந்தார்.

"மகாதேவி, அங்கை இரண்டு கட்சியும் பயங்கரமா அடிபடுகினம். ஆனா இரண்டு பகுதியும் நாட்டைத் தொடக்கின பெரியாக்களின்ரை பேரைச் சொல்லித்தான் அடிபடுகினம். அது நாடு!" என்றார் என்னிடம்.

"எங்கடை கோயில் வழக்கிலையும் இரண்டு பகுதியும் கோயிலைக் கட்டினவரின்ரை பேரைச் சொல்லித்தானே அடிபடுகினம் அண்ணை," என்றேன். அவர் காதில் அது விழவில்லை.

தொடக்கிய பெரியவர்கள் எங்களுக்கும் உண்டு. யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர் நாவலடிப்புலம். ஊர்க்காரருக்கென்று லண்டனில் நாவலடிப்புலம் மக்கள் ஒன்றியத்தை ஏழு ஆண்கள் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர்தான் இராஜேந்திரன் அண்ணை. அன்றையிலிருந்து தலைவரும் அவரே. கொட்டும் பனியில் நடந்து வந்து கூடிச் சத்தியம் செய்தார்களாம். ஆரம்பத்தில் தூறல் என்றுதான் சொன்னார். பிறகு அது பனியானது. வருடத்துக்கு வருடம் உயர்ந்து இப்போது முழங்கால் வரை வந்துவிட்டது. அவர்கள் கூடியது ஈஸ்ட் ஹாமில், நாங்கள் அப்போது இருந்த வீட்டு முன்னறையில். மாதம் ஜூலை. அடுப்படியில் வியர்க்க விறுவிறுக்க வடை சுட்டவள் நான். கதையில் பனி இருக்கிறது, வடை இல்லை.

இந்த முறை என் மகள் தக்ஷிகா தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறேன் என்றாள். மண்டபம் பிடிப்பது, கவுன்சிலோடு மல்லுக்கட்டுவது, ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கம்ப்யூட்டர் அனுப்புவது எல்லாம் பல வருடமாக அவள்தான். வேலை செய்ய அவள், தலைவர் கதிரையில் இருக்க அவர். பிள்ளை வெல்லவேண்டும் என்று அம்மனுக்கு நேர்த்தியும் வைத்தேன்.

வெம்பிளியில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் பொதுக்கூட்டம் கூடியது. ஆண்கள் முன்வரிசைகளில் இருந்தார்கள். பெண்கள் பாதிப்பேர் பின்னால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நின்றோம். இராஜேந்திரன் அண்ணை மைக்கைப் பிடித்தார்.

"எல்லா மனிசரும் சமமாப் படைக்கப்பட்டவை எண்டு எழுதிவைச்ச நாடு அமெரிக்கா. நான் பிறந்ததே மானிப்பாய் அமெரிக்கன் மிஷன் ஆஸ்பத்திரியிலை. அந்தக் கொள்கை என்ரை இரத்தத்திலை ஊறினது!"

தக்ஷிகா எழுந்தாள். "மாமா, அதை எழுதினவரே நூற்றுக்கணக்கான ஆக்களை அடிமையா வைச்சிருந்தவர்."

"பிள்ளை, அது அந்தக் காலம். சொல்லைப் பார்க்கவேணும், ஆளைப் பார்க்கப்படாது."

சொல்லிவிட்டுத் தன் சொல்லை எடுத்தார். புது விதி ஒன்று. ஒன்றியத் தலைவர் நாவலடிப்புல மண்ணிலேயே பிறந்தவராக இருக்கவேண்டும். "அமெரிக்காவிலை ஜனாதிபதி பிறப்பாலேயே அமெரிக்கனா இருக்கவேணும். வெளியிலையிருந்து வந்தான் வரத்தான் அந்தக் கதிரைக்கு வரேலாது. நாங்களும் அப்பிடியே செய்வம்."

லண்டனில் பிறந்த ஒரு பெண்ணை வெளியே தள்ளுவதற்குப் பிலடெல்பியா வரை போய் வந்திருக்கிறார் மனிதர். முன்வரிசைகளில் கைகள் மளமளவென்று உயர்ந்தன. பின்னால் நின்ற எங்களை யாரும் எண்ணவில்லை. விதி நிறைவேறியது. தக்ஷிகா தலையைக் குனிந்துகொண்டு ஃபோனைத் தடவினாள். அவள் சின்ன வயதிலிருந்தே அழுகையை அடக்கும் விதம் அது. எனக்குக் கெட்ட கோபம் வந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் தேத்தண்ணி மேசையிலிருந்து ஒரு குரல் வந்தது. இராஜேந்திரன் அண்ணையின் மனைவி கமலாம்பிகை அக்கா.

"இஞ்சேருங்கோ, நீங்கள் பிறந்த மானிப்பாய் எப்ப எங்கடை ஊருக்குள்ளை வந்தது?"

முன்வரிசைக்காரர் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். உபதலைவர் லோகன் யாழ்ப்பாண நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் பிறந்தவர். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் பிறந்தது கோலாலம்பூரில். அதற்கடுத்தவர் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்தார். எங்கள் ஊரில் என்றைக்காவது ஓர் ஆஸ்பத்திரி இருந்திருந்தால்தானே! ஊர் மண்ணில் பிறந்தவர்களைக் கை உயர்த்தும்படி நான் சொன்னபோது ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. அதில் தேத்தண்ணிக் கரண்டி இருந்தது.

"அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வாறன் எண்ட கார் வரேல்லை. நான் வீட்டிலையே பிறந்திட்டன்," என்றார் கமலாம்பிகை அக்கா.

இராஜேந்திரன் அண்ணை சட்டென்று சமாளித்தார். "தொடக்கின ஆக்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது எண்டு ஒரு வரி சேர்ப்பம்."

"அதையும் அமெரிக்காவிலையே படிச்சனீங்கள், அண்ணை?" என்று கத்தினேன்.

"ஓம். அவையும் தங்களை விலக்கித்தான் எழுதினவை," என்றார் வெள்ளந்தியாக.

அந்த வரிக்குக் கை உயரவில்லை. லோகனும் கோலாலம்பூர்க்காரரும் தொடக்கிய ஆட்கள் இல்லையே. கதிரையில் அவர்களுக்கும் ஒரு கண் இருந்தது.

"அப்ப மிச்சம் நான்தான்," என்று சொல்லியபடி கமலாம்பிகை அக்கா ஏப்ரனோடு மேடைக்கு வந்து தலைவர் கதிரையில் உட்கார்ந்தார். "தக்ஷிகா, வா பிள்ளை. உனக்குத்தானே எல்லாம் தெரியும். முதல் என்ன செய்யவேணும்?"

பெண்சாதிக்குக் கீழே இருப்பதைவிட விதி இல்லாமல் இருப்பது மேல் என்று இராஜேந்திரன் அண்ணைக்குப் பட்டிருக்கவேண்டும். விதியை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கினார். பிறகு தேர்தல். தேத்தண்ணி மேசையில் நின்ற பெண்கள் எல்லோரும் முன்னால் வந்து கை உயர்த்தினோம். தக்ஷிகா வென்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. இனியாவது உண்மை பேசும் ஒருத்தி அந்த மைக்கைப் பிடிக்கப் போகிறாள் என்று நெஞ்சு நிமிர்ந்து நின்றேன்.

அவள் மைக்கைப் பிடித்தாள். முன்வரிசையைப் பார்த்தாள். இராஜேந்திரன் அண்ணையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்த ஒன்றியத்தைத் தொடக்கின பெரியாக்கள் அண்டைக்கு முழங்கால் அளவு ஸ்னோவிலை நடந்து வந்தவை. எல்லாரும் சமம் எண்ட அவையின்ரை கனவாலைதான் நான் இண்டைக்கு இஞ்சை நிக்கிறன்."

இராஜேந்திரன் அண்ணை கைலேஞ்சியை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அந்தக் கனவைத் தான் உண்மையாகவே கண்டதாக அந்த நிமிடத்தில் அவர் நம்பியிருப்பார். மண்டபம் எழுந்து நின்று கை தட்டியது.

அது ஜூலை மாதமடி என்று கத்த எனக்கு வாய் துடித்தது. ஆனால் மைக்கில் நிற்பது நான் பெற்ற பிள்ளை. நானும் கை தட்டினேன்.