இருபத்திரண்டு கலன்களும் ஓர் அடுப்பும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. ஒரு படிவத்தின் தலைப்பை மாற்றினேன், அவ்வளவுதான். எழுதாமல் ஐந்து வருஷம் இழுத்தடித்துவிட்டேன். இப்போது 1990. இன்னும் இழுத்தால் என் ஷார்ட்ஹேண்டை எனக்கே படிக்க வராது.

நான் ஆரோக்கியமேரி. தெலுங்குப் பக்கம் மல்காஜ்கிரியில் வீடு, அங்கேயே ஃபாக்டரிகள் நிறைந்த சனத்நகரில் ஒரு பொதுத்துறைக் கம்பெனியில் ஸ்டெனோ. கம்பெனியின் பெயரைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

2.

தொடக்கம், முதல் முயற்சி: 1985 ஜனவரியில் ஒரு காலை. சனத்நகர் மேல் பனி படர்ந்திருந்த—

[வேண்டாம். சனத்நகரில் எது பனி, எது புகை என்று அங்கேயே பிறந்தவர்களுக்கும் தெரியாது.]

இரண்டாம் முயற்சி: இந்தியாவின் எரிசக்தித் தேவைக்கு வேளாண் கழிவுகளும் வனக் கழிவுகளும்—

[இது பத்மநாபன் சாரின் வாக்கியம். நாற்பது தடவை டைப் அடித்ததில் விரல் தானாக அங்கே போகிறது.]

மூன்றாவது: பத்மநாபன் சார் தன் மனைவியின் அருவாமணையை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

இது நிற்கும். இதிலிருந்தே போகலாம்.

3.

பத்மநாபன் சார் பாய்லர் பிரிவில் டெபுடி மேனேஜர். கும்பகோணத்துக்காரர். பின்னால் இருந்த ஷெட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கலன் செய்து வைத்திருந்தார். அறுவடை முடிந்த துவரை மார், அதாவது காய்ந்த தண்டு, ஆமணக்கு மார், காட்டுச் சுள்ளி எல்லாவற்றையும் அதற்குள் போட்டு, காற்றைக் குறைத்து எரித்தால் ஒரு வாயு வரும். அந்த வாயுவில், கொஞ்சம் டீசலைத் தொட்டுக்கொண்டு, பம்புசெட் ஓடும்.

மாரை இரண்டு விரல் நீளத்துக்கு நறுக்கினால்தான் கலன் ஏற்றுக்கொள்ளும். வெட்டும் மெஷினுக்கு எழுதிப் போட்ட மனு எந்த மேஜையிலோ தூங்கிக்கொண்டிருந்தது. ஆகவே அருவாமணை. டெபுடி மேனேஜர் ஷெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துவரை மாரை வெண்டைக்காய் மாதிரி நறுக்குவார். அவர் மனைவி கனகம் மாமி ஆபீசுக்கே போன் செய்தார்.

"மேரி, அவரண்ட சொல்லு. இன்னிக்கு எங்காத்துல சமையல் கிடையாது. அவர் நறுக்கினதையே சாப்பிடட்டும்."

சாரிடம் அப்படியே சொன்னேன். "இந்த ஒரு தடவை" என்றார். ஆறு மாதமாக அதே ஒரு தடவைதான்.*

*அவருக்கு இன்னொரு வித்தையும் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு புகையை மோந்து, எரிவது என்ன மார், எவ்வளவு காய்ந்தது என்று சொல்லிவிடுவார். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேண்டும்.

4.

இப்போது என் தப்பு.

மூன்று தாலுகாவில் எவ்வளவு கழிவு கிடைக்கும் என்று ஆய்வு செய்து, எத்தனை கலன் வைக்கலாம் என்று பணம் ஒதுக்கும் கமிட்டிக்குச் சொல்ல வேண்டும். ஜூனில் சார் ரிட்டையர். அதற்குள் தன் கலன் ஒன்றாவது ஒரு வயலுக்குத் தண்ணீர் இறைப்பதைப் பார்த்துவிட வேண்டும், அதுதான் அவருடைய ஒரே ஆசை. ஆய்வுப் படிவம் அவசரமாக வேண்டும் என்றார்.

"எதுக்கு சார் புதுசா? ஸ்கிராப் இரும்புக்கு நம்மகிட்ட ஃபாரம் இருக்கே. தலைப்ப மட்டும் மாத்திரலாம்" என்றேன்.

"பேஷ்" என்றார்.

என்ன பொருள், எவ்வளவு எடை, எங்கே கிடக்கிறது, ஈரமா, லாரி போகுமா. ஐந்து கட்டம். ஃபாக்டரியில் ஸ்டோர்ஸ் புத்தகத்தில் இல்லாத எதுவும் ஸ்கிராப்தான், அதை யார் எடுக்கிறார்கள் என்று கேட்கும் வழக்கமே எங்களுக்குக் கிடையாது. ஆய்வுக்குப் போனவர்கள் டீக்கடையில் ஆண்களைக் கேட்டார்கள். "வேஸ்ட் சார், வேஸ்ட்" என்று பதில் வந்தது. கூட்டிப் பார்த்தால் இருபத்திரண்டு கலனுக்குத் தாங்கும்.

5.

கமிட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நல்கொண்டா சாலையில் இரண்டு மணி நேரம் ஜீப்பில் போனோம். கலன் வைக்கப்போகும் முதல் ஊர். குறிப்பெடுக்க நானும்.

எல்லம்மா என்ற பெண் தன் வாசலில் எங்களுக்குக் கயிற்றுக் கட்டில் போட்டுவிட்டு உள்ளே போனாள். நாங்கள் யாரென்றோ எதற்கு வந்தோமென்றோ அவளுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் டீ வந்தது. சார் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகாமல் கண்ணை மூடிக்கொண்டார். குழந்தை மாதிரி முகம் மலர்ந்தது.

"துவரை மார், மேரி. நன்னாக் காஞ்சது. என்ன மாதிரி எரியறது பாருங்—"

[வாக்கியத்தை நான் வெட்டவில்லை. அவரே அங்கே நிறுத்தினார்.]

எழுந்துபோய் வீட்டுப் பின்பக்கம் பார்த்தார். என் படிவத்தில் 'வேஸ்ட்' என்று ஏறியிருந்த மார் முழுவதும் கட்டுக்கட்டாகச் சுவரோரம் அடுக்கியிருந்தது. பக்கத்து வீட்டிலும் அப்படியே. அதற்கடுத்த வீட்டிலும். நான் எனக்குத் தெரிந்த தெலுங்கில் கலனைப் பற்றிச் சொன்னேன். எல்லம்மா கவனமாகக் கேட்டாள், நல்ல மெஷின்தான் என்றாள். பிறகு, "மரி மேம் தேந்தோனி வண்டுகோவாலெ சாரு?" என்றாள். அப்போ நாங்க எதை வெச்சு சமைக்கிறது?

சார் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். டீயை ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

திரும்பும்போது ஜீப்பில், "தப்பு என்னுது சார்" என்றேன்.

"ஃபாரம் உங்களோடது. கையெழுத்து என்னோடது" என்றார்.

6.

இங்கே எனக்கொரு சந்தேகம். மனிதரை ரொம்ப நல்லவராக எழுதிவிட்டேனோ? ஒரு கமாவுக்காகப் பதினோரு பக்கத்தைத் திரும்ப அடிக்க வைத்தவர். கலனைக் குறை சொன்ன பக்கத்து மேஜை ராஜாராமனோடு எட்டு மாதம் பேசாதவர். சரி, இருக்கட்டும். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். சொல்லிவிட்டேன்.

7.

சனிக்கிழமை, டைப் அடிக்க, அறிக்கையின் கையெழுத்துப் பிரதி தந்தார். 'இந்தப் பகுதியில் ____ கலன்கள் நிறுவலாம்.' எண் இருக்க வேண்டிய இடம் காலி. "திங்கக்கிழமை பேனாவால போட்டுக்கறேன்."

நான் சும்மா இருக்கவில்லை. ஆய்வுப் படிவத்துக்குப் புது ஸ்டென்சில் வெட்டினேன். ஆறாவது கட்டம்: இப்போது இதை எடுப்பவர் யார்? அந்தப் படிவத்தை அறிக்கைக்கு அடியில் வைத்தேன்.

திங்கட்கிழமை அதைப் பார்த்தார்.

"மறுபடி சர்வேன்னா ஒரு வருஷம் ஆகும், மேரி."

"ஹவ் சார்." இந்த ஊரில் ஹவ் என்றால் ஆமாம்.

"நான் ஜூன்ல போயிடுவேன்."

"தெரியும் சார்."

பேனா மூடியைத் திறந்தார். "செத்த வெளில இருங்கோ."

8.

முடிவுகள்:

அ) இருபத்திரண்டு என்று போட்டார். தண்ணீர் பாய்ந்தது, போட்டோ எடுத்தார்கள். எல்லம்மா சுள்ளிக்குக் காட்டுக்கு நடந்தாள்.

ஆ) புதுப் படிவத்தை இணைத்து அனுப்பினார். ஜூன் வந்தது. கலன் மேல் இப்போது சைக்கிள் சாய்த்து வைக்கிறார்கள்.

இ) எண்ணெய் மில்லில் மலையாகக் கிடக்கும் கடலைத் தோலில் ஒரே ஒரு கலன் ஓடியது, மார் வீட்டிலேயே இருந்தது, எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் அந்த மலையை எடுப்பவர் யார் என்று நான் இன்னும் கேட்கவில்லை.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். ஒன்றைச் சொன்னால் அவரைத் திட்டுவீர்கள், இன்னொன்றைச் சொன்னால் மாலை போடுவீர்கள். இரண்டும் அவருக்கு வேண்டாம். அருவாமணை மட்டும் ஜூனில் வீடு திரும்பியது. "சாணையாவது பிடிச்சுக் குடுத்திருக்கலாம்" என்றார் கனகம் மாமி, சாரின் கையைப் பிடித்துக்கொண்டே.

காலியிடம் இப்போது உங்களுடையது. அவருடைய அறிக்கையில் நாலாம் பத்தி, இரண்டாவது வரி. பேனா எடுத்துக்கொள்ளுங்கள். போடுவதற்கு முன் யார் வீட்டிலாவது டீ கொடுத்தால் குடியுங்கள், அது எதில் கொதித்தது என்று கேட்டுவிட்டு எண்ணைப் போடுங்கள்.